எதிரில் இருப்பவர் கட்சி

அவரோடு வாதம் செய்து யாரும் தோற்றதில்லை. பதுளையில் அப்படி ஒரு மனிதர் இருந்தது எவ்வளவு பெரிய வசதி என்பது, தினமும் வீட்டில் தோற்றுவிட்டு வந்து கடை திறக்கிறவனுக்குத்தான் தெரியும்.

என் கடை பஜாரில். பிஸ்கட், சவர்க்காரம், சரம் சரமாய்த் தொங்கும் ஷாம்பு பக்கெட் விற்கிறேன். வியாபாரம் மந்தமான நேரத்தில் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். நிறையவே எழுதியிருக்கிறேன் என்பதிலிருந்து வியாபாரத்தின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரச அலுவலகம் ஒன்றில் வேலைக்கென்று பதுளைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டவர். காலை பத்து மணிவாக்கில் கடைக்கு வருவார். அவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. யாராவது பேச ஆரம்பித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். பேசுகிறவரின் மணிக்கட்டில் தன் கையை வைப்பார். பிறகு, ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்வதுபோல, "ஓம் ஓம்" என்பார். அதோடு விடமாட்டார். நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லுவார், அது நம் வாயில் இருந்ததை விட அவர் வாயில் இன்னும் புத்திசாலித்தனமாக இருக்கும்.

"இந்த வருசம் மழை பத்தாது சேர்" என்று ஒருவர் சொன்னால், "ஓம் ஓம், என்ன மழை இது" என்பார். சொன்னவர் வெளியே போய்க் குடையை விரிப்பதற்குள் அடுத்தவர் வந்து, "மழைன்னா இப்படியா சேர், ரோடெல்லாம் போச்சு" என்பார். "ஓம் ஓம், கொஞ்ச நஞ்சமே?" என்பார் இவர். இரண்டு முறையும் முகத்தில் ஒரே கவலை. நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் நான் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பேன். முப்பது வருடமாகக் கடன் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

என் கட்டுரைகளை அவர் வாசிப்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். நாட்டில் நகைச்சுவை எழுதத் தெரிந்தவர்கள் யாருமில்லை, ஏதோ என்னைப் போல ஒன்றிரண்டு பேர் என்று ஒருநாள் அடக்கத்தோடு சொன்னேன். "ஓம், ஒண்டிரண்டு பேர் கூட இல்லைத் தம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் அது நடுநிலையான தீர்ப்பு என்று நம்பத் தொடங்கினேன். இதைவிடச் சின்னக் காரணங்களுக்காக ஆட்களை நம்பி ஏமாந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது ஒரு ஆறுதல்.

கோயில் தேர் விஷயம் ஊருக்கே தெரியும். அவர்தான் அந்த வருடம் திருவிழாக் கமிட்டித் தலைவர். போட்டியில்லாமல் தெரிவானவர், ஏனென்றால் இரண்டு கோஷ்டியும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்திருந்தன. ஒரு கோஷ்டி மாத்தளைப் பக்கத்து மேளம் வேண்டும் என்றது. ஓம். மற்றது யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும் என்றது. ஓம். தேரன்று காலையில் இரண்டு வேனில் இரண்டு மேளமும் வந்து இறங்கின. தேருக்கு வலப்பக்கம் ஒரு நாதஸ்வரம், இடப்பக்கம் ஒரு நாதஸ்வரம், இரண்டும் இரண்டு ராகத்தில். சாமி எப்படித் தாங்கியதோ தெரியாது. அவர் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ரசித்தார்.

அவர் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கென்ன தம்பி, நீங்கள் கடையைப் பூட்டிப்போட்டுப் போயிடுவியள். எனக்கு இந்த மனுசனோட கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ஒரு சண்டை பிடிக்க ஏலாமல் கிடக்கு. சுவரில பந்து எறிஞ்சாலாவது திரும்பி வரும்" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன், ஒரு கட்டுரைக்கு உதவும் என்று. எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

எங்கள் சின்னச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். வருடத்துக்கு ஒரு முறை தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பையும் கொடுப்போம், படம் எடுப்போம், வடை சாப்பிடுவோம். அந்த முறை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். அங்கேதான் புஷ்பத்தைச் சந்தித்தோம். கொழுந்தெடுக்கிற பெண். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி. பேச்சில் சர்க்கரை கொஞ்சம் குறைவு.

"கொப்பியெல்லாம் நல்லா இருக்குங்க சேர். வெள்ளம் வந்தா இத எங்க வைக்கிறதுன்னும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

மலையில் எதற்கு வெள்ளம் என்று கேட்டது நான்தான். வாங்க என்று கூட்டிக்கொண்டு போனாள். லயத்துக்கு மேலே, சரிவை வெட்டிக்கொண்டு ஒரு கான் ஓடுகிறது. மழைத் தண்ணீரை ஒதுக்கி ஆற்றுக்கு அனுப்புவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. அதற்குள் தண்ணீர் இல்லை, உறைகள்தான் இருந்தன. பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை, ஷாம்பு உறை. அதிலும் முக்கால்வாசி ஒரே ஒரு பிஸ்கட்டின் சிவப்பு உறை. மேலே பளபளப்பு, உள்ளே வெள்ளி. மழை பெய்தால் கான் அடைத்து, தண்ணீர் நேரே கடைசி லயத்துக்குள் இறங்கும். கடைசி லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை, புஷ்பத்தினுடையது. ஒரு முறை அடுப்படிச் சுவரே விழுந்திருக்கிறது. அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தார்கள்.

அந்தச் சிவப்பு உறையை நான் பெட்டி பெட்டியாக விற்கிறேன். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே கேட்டாள்.

"பழைய இரும்பு, போத்தல் வாங்குற லொறி வருதுங்க. பெட்டி எடுப்பான், தகரம் எடுப்பான். இத மட்டும் மூஞ்சில எறிஞ்சிட்டுப் போறான். யாருமே எடுக்காத சாமான எதுக்குங்க செய்றாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் மணிக்கட்டில் கையை வைத்தார். அன்று அவர் பேசியதைப் போல யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"ஓம் பிள்ளை. செய்யிறவன்தான் இதுக்குப் பொறுப்பு. இப்ப ஒரு சட்டம் கொண்டு வரப் போயினம். சாமானைச் செய்து விக்கிற கம்பனி, அதின்ர உறைக்கு ஒரு கட்டணம் கட்டோணும். திரும்பப் பாவிக்கக் கூடிய உறை, ஆக்கள் சேர்த்து எடுக்கிற உறை எண்டால் கொஞ்சமாக் கட்டலாம். ஒருத்தரும் எடுக்காத உறை எண்டால் நிறையக் கட்டோணும். அந்தக் காசில இதைப் பொறுக்கி எடுக்கிற ஆக்களுக்குச் சம்பளம் குடுக்கலாம்."

"நிறையக் கட்டினா?"

"வலிக்கும். வலிச்சால் உறையை மாத்துவினம்."

புஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இந்தச் செவப்ப யாரும் எடுக்குறதில்லன்னு நிரூபிக்கணும். அவ்வளவுதானே?"

"ஓம்! அதுதான் விசயம்!" என்றார். கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். கொப்பி கொடுக்க வந்த இடத்தில் ஒரு புரட்சிக்குக் காரோட்டியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த உறையை எந்தக் கட்டண வகுப்பில் போடுவது என்று மக்களிடம் கருத்துக் கேட்க, கொழும்பிலிருந்து அதிகாரிகள் பதுளைக்கு வருவதாக இருந்தது. அதற்குள் அந்தப் பெண்கள் கானிலிருந்து சிவப்பு உறையை மட்டும் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது, மலைபோலக் குவிந்த சாக்குகளைக் கூட்டத்தில் வைத்து, "பாருங்கள், இதை எந்த லொறியும் தொடவில்லை" என்று சொல்வது. இதுதான் திட்டம்.

இடையில் ஒருநாள் நான் போனபோது, மலை ஊற்றுக் குழாயான பீலியின் தண்ணீரில் பெண்கள் வரிசையாக நின்று உறைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவியதைத் துணி காயப்போடுவதுபோலக் கயிற்றில் மாட்டியிருந்தார்கள். லயம் முழுக்கச் சிவப்புத் தோரணம்.

"குப்பையை எதுக்கு புஷ்பம் கழுவுறீங்க?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அழுக்கோட கொண்டு போனா வெட்டிருவாங்கல்ல அண்ணே. கொழுந்துல தண்ணி இருந்தா கணக்கப்பிள்ளை எத்தன கிலோ வெட்டுறாரு? சாக்க அவுத்தா ஒருத்தன் ஒரு கொற சொல்லக்கூடாது."

பிறந்ததிலிருந்து நிறுவைத் தராசுக்கு முன்னால் நிற்கிறவர்கள். ஈரம் என்றும் முற்றல் என்றும் சொல்லி, பாடுபட்டு எடுத்ததில் ஒரு பங்கை அடித்துவிடுவதைத் தினமும் பார்க்கிறவர்கள். அதனால் ஈரம் இல்லாமல், மண் இல்லாமல், ஒரே மாதிரி அடுக்கி, கொழுந்தை விடச் சுத்தமாகக் குப்பையைக் கட்டினார்கள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. ஒரு கட்டுரைக்கு உதவும் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சிவப்பு உறை பிஸ்கட் கம்பனிக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலுக்கு அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் வேனில் கொண்டுபோனேன். கம்பனி ஆள் கொழும்புத் தமிழ் இளைஞன், நல்ல மரியாதை. மலை தெரிகிற மேசை. அந்தத் தேயிலை நம் மலையிலேயே முளைத்ததா என்று சந்தேகம் வரும்படி அவ்வளவு நல்ல தேநீர்.

"அங்கிள், அந்த எஸ்டேட் லேடீஸ் எங்க பக்கெட்ட எவ்வளவு நீட்டா கலெக்ட் பண்றாங்கன்னு கேள்விப்பட்டோம்" என்றான்.

கண்ணாடி மடிக்கு இறங்கியது. "ஓம் தம்பி, சரியான சுத்தம்."

"கழுவி, காய வச்சு, வேற வேறயா பிரிச்சு?"

"ஓம் ஓம்."

"அப்ப சேர்த்து எடுக்கலாம்தானே அங்கிள்? எல்லாரும் ஏலாதுன்னு சொல்றாங்க."

"ஏன் ஏலாது? ஏலும்!" என்று அவன் மணிக்கட்டில் கையை வைத்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "சேர், அவனுக்கும் ஓம்னு சொல்லிட்டீங்களே?"

"பாவம் தம்பி, நல்ல பெடியன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தானாம்."

"இல்ல சேர், கூட்டத்துல நாம விட்டுக்குடுத்துடக் கூடாது."

"ஓம் ஓம், விட்டுக்குடுக்கக் கூடாது. விட்டுக்குடுத்தால் அந்தப் பெண்டுகளுக்குச் செய்யிற துரோகம்" என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. வேனில் அப்போது அவர் எதிரில் இருந்தவன் நான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தன்று பெண்கள் ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கலியாண வீட்டுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்தார்கள். சாக்குகளோடு மண்டபத்தின் பின்வரிசையில் நின்றார்கள். கதிரை இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பேச்செல்லாம் இங்கிலிஷில் நடந்தது. முதலில் கம்பனி இளைஞன் பேசினான். தங்கள் உறை திரும்பப் பாவிக்கக்கூடியது, தோட்டங்களிலேயே அதைச் சேர்க்கிறார்கள், ஆகவே குறைந்த கட்டண வகுப்பில் போடவேண்டும் என்றான். மேசையில் இருந்த பெரிய அதிகாரி நிமிர்ந்து எங்கள் தலைவரைப் பார்த்தார். "அப்படியா?"

அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம்" என்பதற்கு இங்கிலிஷில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்வரிசையைக் கையால் காட்டினார். "இதோ எங்கள் பெண்கள். அவர்களே வந்திருக்கிறார்கள்."

அதிகாரி இறங்கி வந்து ஒரு சாக்கை அவிழ்த்தார். ஒரு உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "மிகவும் சுத்தம்" என்றார். மண்டபம் கை தட்டியது. ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. புஷ்பமும் மற்றப் பெண்களும் சந்தோசமாகக் கை தட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன். எழுந்தே நின்றேன். "உங்கள் அமைப்பின் கருத்தைத் தலைவர் சொல்லிவிட்டார்தானே" என்று என்னை மிக மரியாதையாக உட்கார வைத்தார்கள்.

"என்னாங்க அண்ணே சொன்னாங்க?" என்று புஷ்பம் என் காதருகில் கேட்டாள். சொன்னேன். தட்டுவதற்காகச் சேர்த்திருந்த கை அப்படியே நின்றது.

சிவப்பு உறை குறைந்த கட்டண வகுப்புக்குப் போனது. சேர்த்து எடுக்க ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள் என்று ஆனபிறகு, சம்பளத்துக்கு ஆள் போடவேண்டிய அவசியம் யாருக்கு? கம்பனி நன்றி மறக்கவில்லை. பெண்களுக்குச் சிவப்புத் தொப்பி அனுப்பியது.

அவர் லஞ்சம் வாங்கினார் என்று நான் முதலில் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பது சரி. விசாரித்தால் ஒன்றுமே வாங்கவில்லை. ஒரு பிஸ்கட் பக்கெட் கூட இல்லை. அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. எதையாவது வாங்கிக்கொண்டு நம்மைக் காட்டிக்கொடுத்திருந்தால், அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது என்ற மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

புஷ்பம் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தாள். இரண்டு பேருமாக அவர் வீட்டுக்குப் போனோம். மனைவி தேநீரை வைத்துவிட்டு, நடக்கப்போவது தெரிந்தவர்போல உள்ளே போய்விட்டார்.

"சேர், நீங்க எங்களுக்கு எதிரா பேசிட்டீங்க."

"ஓம் பிள்ளை."

"எங்க வேலைய அவுங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"ஓம். அப்பிடித்தான் வந்திட்டுது."

"எங்கள நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்க."

"ஓம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவளுடைய கட்சியில் அவளை விடத் தீவிரமாக நின்றார். புஷ்பம் வழி நெடுகச் சேர்த்துக்கொண்டு வந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் என்னைப் பார்த்தாள்.

"அப்ப மாத்திச் சொல்லுங்க சேர். திரும்பப் போயி, இத யாரும் எடுக்குறதில்லன்னு சொல்லுங்க."

"ஓம், கட்டாயம் சொல்லுறன்."

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் மனதார நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் எழுந்து வெளியே போனதும் அவர் எதிரில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

படி இறங்கும்போது புஷ்பம் சொன்னாள்: "இனிமே ஒன்னையும் பொறுக்கப் போறதில்லங்க அண்ணே. கெடக்கட்டும். யாரும் எடுக்குறதில்லன்னு வந்து பாக்கட்டும்."

பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பீலியில் தோரணம் இல்லை. கான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை. மழைதான் வந்தது.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் புஷ்பம் போன் பண்ணினாள், சாக்கு இருந்தால் கொண்டுவரச் சொல்லி. பெரகலச் சந்தியில் பாறை உருண்டு பாதி வீதியை மறித்திருந்தது. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். கான் அடைத்து, தண்ணீர் கடைசி லயத்துப் பக்கம் திரும்பியிருந்தது. புஷ்பத்தின் அடுப்படி நனைந்து ஊறிப்போய் நின்றது. பிள்ளைகளை மேல் லயத்துக்கு அனுப்பிவிட்டு, பெண்கள் எல்லாரும் கானுக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று இரண்டு கையாலும் உறைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் முன்னால் நின்றாள். இனிப் பொறுக்கப் போவதில்லை என்று சொன்னவள்தான். நான் மேலே நின்று சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். இந்த வயதில் எனக்கு அதற்கு மேல் பொறுப்பான வேலை கொடுக்க யாரும் துணியவில்லை.

அப்போது என் போன் அடித்தது. அவர்தான். மழை இரைச்சலில் கேட்காததால், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, வானொலியில சொன்னவங்கள். அந்தப் பிள்ளைகள் எப்பிடி இருக்கினம்? எனக்கு மனமே சரியில்லை. ராத்திரி நித்திரை இல்லை."

உண்மையாகத்தான் சொன்னார். குரலே சொன்னது.

"கானுக்குள்ள நிக்கிறாங்க சேர். உறையெல்லாம் அள்ளிக்கிட்டு இருக்காங்க."

"ஓம் ஓம்… அருமையான பிள்ளைகள்." பிறகு குரலில் சந்தோசம் ஏறியது. "தம்பி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன். கம்பனிப் பெடியன் அண்டைக்கும் கேட்டவன், இப்பவும் சேர்க்கினமோ எண்டு. இதைக் கண்டால் அவையள் சரியாச் சந்தோசப்படுவினம்."

புஷ்பம் நிமிர்ந்தாள். முழங்கைவரை சேறு. கையில் ஒரு பிடி சிவப்பு. என்னைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"எடுத்திராதீங்க அண்ணே" என்றாள்.